குடியிருப்புப் பகுதியில் 14 தள வளாகம்: ஆட்சேபங்களை எப்படி முன்வைப்பது?

கேள்வி: குடியிருப்போர் சங்கச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதியில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு தளங்கள் கொண்ட தனி வீடுகளே இருக்கின்றன. பகுதியின் மேற்கு எல்லையில் புல்லும் சில பெரிய மரங்களுமாக நெடுங்காலம் திறந்து கிடந்த ஏறத்தாழ 1 ஹெக்டேர் நிலத்தில், 14 தளங்களில் 320 வீடுகளும், நிலத்துக்குக் கீழே இரண்டு தளங்களில் வாகன நிறுத்தமும் கொண்ட வளாகத்தைக் கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது. உள்ளாட்சி அமைப்பு அந்த விண்ணப்பத்தைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்து, எழுத்துமூலமான கருத்துகளைக் கேட்டிருக்கிறது. அதன் பின்னர் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடைபெறும் என்று அறிவித்துள்ளது.

சங்கக் கூட்டத்தில் பேசியவர்களின் கவலைகள் பலவகைப்பட்டவை. இப்போதே காலை நேரத்தில் நெரியும் ஒரே இணைப்புச் சாலை என்னவாகும், தாழ்வான கிழக்குத் தெருக்களில் மழைநீர் தேங்குமா, கிணறுகள் வற்றுமா, அடித்தளம் தோண்டும்போது பழைய வீடுகளின் சுவர்கள் விரிசல் விடுமா, பிற்பகல் முழுவதும் நிழலில் இருக்க வேண்டியிருக்குமா, வீடுகளின் மதிப்பு குறையுமா, பகுதியின் இயல்பே மாறிவிடுமா என்றெல்லாம் கேட்டார்கள். கையொப்பம் திரட்டித் திட்டத்தை முழுமையாக எதிர்க்க வேண்டும் என்பது ஒரு சாராரின் கருத்து. எப்படியும் கட்டத்தான் போகிறார்கள், பேசிப் பயனில்லை என்பது மற்றொரு சாராரின் கருத்து. எங்கள் அச்சங்களில் உண்மையானவை, வழக்கமான எதிர்ப்பு என்று ஒதுக்கப்பட்டுவிடக் கூடாது என்பதே என் விருப்பம். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


பதில்: ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். ஆட்சேப மனுக்களைப் படித்துக் குறிப்பு எழுதும் இடத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், முதலில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரே வாசகத்தில் அமைந்த நூற்றுக்கணக்கான கடிதங்கள் கோப்பில் ஒரே ஆட்சேபமாகவே சுருங்கிவிடும். விண்ணப்பத்தின் இன்ன பக்கத்தில் உள்ள இன்ன கணக்கு இன்ன காரணத்தால் தவறு என்று சுட்டும் ஒரே ஒரு கடிதத்துக்கோ, யாராவது எழுத்தில் விடை சொல்லியே ஆக வேண்டும். கையொப்பங்கள் மக்களின் அக்கறையைக் காட்டும் என்பதால் அவற்றைத் திரட்டுங்கள். ஆனால் அவற்றை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்ததாக, அந்த நிலத்துக்கு நடைமுறையில் உள்ள நிலப்பயன்பாட்டுத் திட்டம் எதை அனுமதிக்கிறது என்று பாருங்கள். உயரம், தளப்பரப்புக் குறியீடு (நிலப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு மொத்தத் தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்), எல்லைச் சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளி, அணுகுசாலையின் அகலம் ஆகிய நான்கையும் விதிகளோடு ஒப்பிடுங்கள். விண்ணப்பம் முற்றிலும் விதிகளுக்குள் இருந்தால், கட்டவே கூடாது என்ற கோரிக்கைக்கு இடம் மிகக் குறைவு. எப்படிக் கட்ட வேண்டும் என்பதில்தான் உங்கள் வலிமை இருக்கும். விதிகளில் ஏதேனும் தளர்வு கேட்டிருந்தால் நிலைமை வேறு. தளர்வு என்பது உரிமையாகக் கேட்டுப் பெறுவதன்று; அதற்குரிய காரணத்தை விண்ணப்பதாரரே நிறுவ வேண்டும். அத்தகைய ஒவ்வொரு தளர்வும் உங்களுக்குத் திறந்திருக்கும் ஒரு வாயில்.

நீங்கள் கூறிய கவலைகள் அனைத்துக்கும் ஒரே எடை கிடைக்காது. இங்கிலாந்தின் நகரமைப்பு நடைமுறையை எடுத்துக்கொண்டால், வீட்டின் விலை குறையும் என்பதோ, சன்னலிலிருந்து தெரிந்த காட்சி மறையும் என்பதோ முடிவெடுப்பதற்கான காரணங்களாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. அதே சன்னலுக்கு வரும் பகல் வெளிச்சம் குறைவது கருதப்படும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை அங்கே பரவலாகப் பயன்படும் ஒரு முதற்கட்டச் சோதனை உண்டு. உங்கள் கீழ்த்தளச் சன்னலின் நடுப்பகுதியிலிருந்து கிடைமட்டத்துக்கு 25 பாகை உயர்த்தி ஒரு கோட்டை வரைந்தால், புதிய கட்டடம் அந்தக் கோட்டுக்குக் கீழே அடங்க வேண்டும். அடங்காவிட்டால் விரிவான ஆய்வு தேவை. 14 தளங்கள் என்றால் உயரம் ஏறத்தாழ 42 மீட்டர் இருக்கும். ஆகவே சுமார் 90 மீட்டருக்குள் கட்டடத்தை நோக்கிய சன்னல்கள் உள்ள வீடுகள் எல்லாம் இந்தக் கேள்வியை எழுப்பலாம். நிழலுக்கு இன்னும் எளிய கணக்குப் போதும்: கதிரவன் 45 பாகை உயரத்தில் நிற்கும்போது நிழலின் நீளமும் 42 மீட்டர், 30 பாகைக்கு இறங்கும்போது அது ஏறத்தாழ 73 மீட்டர். நிலம் உங்களுக்கு மேற்கே இருப்பதால், பிற்பகல் நிழல் உங்கள் பக்கமே விழும். ஆண்டின் வெவ்வேறு பருவங்களுக்கு, மணிக்கு மணி வரைந்த நிழல் வரைபடத்தைக் கேளுங்கள்.

ஆவணங்களைக் கேட்கத் தயங்க வேண்டாம். சுற்றுச்சூழல் தாக்கத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்ற சட்டக் கடமை அமெரிக்காவில் 1970 சனவரி 1 அன்று கையெழுத்தான சட்டத்தோடு உருப்பெற்று, பின்னர் உலகின் பெரும்பாலான நாடுகளுக்குப் பரவியது. ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் ஏற்கப்பட்ட 1992 ரியோ பிரகடனத்தின் 10ஆம் கோட்பாடும், ஐரோப்பிய நாடுகள் பலவும் ஏற்ற 1998 ஆர்ஹஸ் உடன்படிக்கையும், தகவல் பெறுவது, முடிவெடுப்பதில் பங்கேற்பது, நீதிமுறையை நாடுவது ஆகிய மூன்றையும் மக்களின் உரிமைகளாக முன்வைக்கின்றன. மாற்று வழிகள் எல்லாம் இன்னும் திறந்திருக்கும் தொடக்க நிலையிலேயே மக்களைக் கேட்க வேண்டும் என்று ஆர்ஹஸ் உடன்படிக்கை வெளிப்படையாகவே கூறுகிறது. உங்கள் நாட்டுச் சட்டம் எதுவாயினும், வரைபடம் இறுதியாவதற்கு முன்னர் எழுதப்படும் கடிதம் பின்னர் எழுதப்படும் பத்துக் கடிதங்களுக்குச் சமம் என்பதை என் பணிக்காலத்தில் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன்.


பதில்: மழைநீர் வடிகால் பொறியாளர்

மேலே ஐயா கூறியவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் நீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் மீட்கவே முடியாத சேதத்தை விளைவிக்கக்கூடியது அதுதான் என்பது என் கருத்து. நெரிசலுக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், நிழலுக்கு விளக்கு ஏற்றலாம். ஒவ்வொரு பெருமழைக்கும் வீட்டுக்குள் வரும் தண்ணீருக்கு அங்கே குடியிருப்பவர்களிடம் எந்த விடையும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் 1 ஹெக்டேர் நிலத்தின் மேல் விழும் நீர் 5 லட்சம் லிட்டர். புல் மூடிய சமதளமாக இருக்கும்வரை அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கிவிடும். மண்ணின் தன்மையைப் பொறுத்து ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1 லட்சம் லிட்டர் வெளியே ஓடலாம். கூரையும் சிமெண்ட் தளமும் மூடியபின் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 4.5 லட்சம் லிட்டர் ஓடும். ஓட்டத்தின் உச்ச அளவைப் பார்த்தால் நொடிக்கு 28 லிட்டராக இருந்தது 125 லிட்டராகிறது. இதற்கு மழையின் செறிவு, நிலப்பரப்பு, வழிந்தோடும் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் போதும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து பொறியாளர்கள் கையாளும் இந்த எளிய முறையை உங்கள் சங்கத்தினரே தாளில் போட்டுப் பார்க்கலாம். நீரின் அளவோடு வேகமும் கூடும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். புல்வெளியில் தயங்கித் தயங்கி வந்த நீர், சிமெண்ட் தளத்திலிருந்து ஒரே வீச்சில் வடிகாலை வந்தடையும்.

ஆகவே நீங்கள் வைக்க வேண்டிய கோரிக்கை தெளிவானது: கட்டடம் வந்தபின் வளாகத்திலிருந்து வெளியேறும் நீரின் உச்ச அளவு, நிலம் திறந்து கிடந்தபோது இருந்த அளவைத் தாண்டக் கூடாது. மிகுதி நீரை வளாகத்துக்குள்ளேயே தொட்டியில் தேக்கி மெதுவாக விட வேண்டும், அல்லது மண்ணுக்குள் இறக்க வேண்டும். நான் மேலே கூறிய மழைக்கே ஏறத்தாழ 3.5 லட்சம் லிட்டர் கொள்ளளவு தேவைப்படும். வடிவமைப்புக்கு எந்த அளவு மழையை எடுத்துக்கொண்டார்கள், சராசரியாக எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை அது என்று கட்டாயம் கேளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு வடிவமைத்த தொட்டி, ஐம்பதாண்டுக்கு ஒருமுறை வரும் மழையில் நிரம்பி வழியும்போது அந்த நீர் எந்தத் திசையில் போகும் என்பதற்கும் வரைபடம் இருக்க வேண்டும்.

இதைவிடப் பலரும் கவனிக்கத் தவறுவது தரைமட்டம். தன் வளாகத்தில் நீர் தேங்காமலிருக்க மண் கொட்டி நிலத்தை உயர்த்துவது கட்டுவோருக்கு எளிதான வழி; அப்போது அதுவரை அந்த நிலத்தில் நின்று வடிந்த நீர் அண்டை வீடுகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. இப்போதைய தரைமட்ட அளவீடும், கட்டியபின் இருக்கும் தரைமட்டமும் விண்ணப்பத்தில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையெனில் அந்தக் குறையை முதல் ஆட்சேபமாகவே எழுதலாம்.

கிணறுகளைப் பொறுத்தவரை, நிலத்தடித் தளம் தோண்டும்போது குழிக்குள் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றுவார்கள். அந்தக் காலத்தில் சுற்றிலும் நீர்மட்டம் இறங்கும். களிமண் பகுதியாக இருந்தால் நீர் இறங்கிய மண் அமுங்கி, மேலிருக்கும் பழைய வீடுகளும் சற்றே தாழக்கூடும். வேலை தொடங்குவதற்கு முன்பே உங்கள் கிணறுகளின் நீர்மட்டத்தை வாரந்தோறும் அளந்து, தேதியிட்டுக் குறித்து வையுங்கள். முன்னைய அளவு கையில் இல்லாதவரால் பின்னர் எதையும் நிறுவ முடியாது.

கழிவுநீரையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டுக்கு நால்வர் என்றால் 320 வீடுகளில் 1,280 பேர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 முதல் 150 லிட்டர் என்று கொண்டால், அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகும். ஆக நாளொன்றுக்கு 1 லட்சம் முதல் 1.5 லட்சம் லிட்டர். அதுவும் நாள் முழுவதும் சீராக வராமல் காலையில் திரண்டு வரும். இருக்கும் குழாயின் விட்டமும் சரிவும் அதைத் தாங்குமா என்பதற்கு, குழாயைப் பராமரிக்கும் துறையின் எழுத்துபூர்வமான சான்று வேண்டும். விண்ணப்பதாரரின் உறுதிமொழி அதற்கு ஈடாகாது.


பதில்: அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவர்

மேலே எழுதியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆயினும் கேள்வியில் வந்த ஒரு சொற்றொடரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பகுதியின் இயல்பு மாறிவிடும் என்ற கவலையைப் பேசும்போது, அதில் எவ்வளவு கட்டடத்தைப் பற்றியது, எவ்வளவு அங்கே குடிவரப் போகும் மனிதர்களைப் பற்றியது என்பதைச் சங்கத்தினர் தங்களுக்குள் நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் வளாகம் வந்தபோதும் இதே சொற்கள் பேசப்பட்டன. குடியேறிய பிறகு எங்கள் பிள்ளைகளும் அண்டைத் தெருப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்குத்தான் போகிறார்கள். ஆனால் அந்த நாட்களில் பேசப்பட்டவை எங்களில் பலருடைய மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

அந்த 320 வீடுகளும் இங்கே கட்டப்படாவிட்டால் அந்தக் குடும்பங்கள் இல்லாமல் போய்விடப் போவதில்லை. நகரின் விளிம்பில், வேலையிடத்திலிருந்து இன்னும் தொலைவில், ஏதேனும் ஒரு வயலையோ நீர்நிலையையோ அடுத்துக் குடியேறி, நாள்தோறும் நீண்ட தூரம் பயணம் செய்வார்கள். நெரிசலும் வெள்ளமும் அங்கே இடம்பெயருமே தவிரக் குறையமாட்டா. ஆகவே தண்ணீரையும் வெளிச்சத்தையும் பற்றிய உங்கள் ஆட்சேபங்களை முழு வலிமையோடு வையுங்கள். மனிதர்களின் வருகையை ஆட்சேபமாக வைக்காதீர்கள். அது அறமன்று என்பதோடு, மற்ற நியாயமான கோரிக்கைகளின் மதிப்பையும் அது குறைத்துவிடும்.


கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

மூவருக்கும் நன்றி. கடைசியாக எழுதியவரின் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். வாக்குவாதம் எழுந்தது, ஆயினும் முடிவில் அந்தக் கவலையை மனுவிலிருந்து நீக்கிவிட்டோம், வீட்டு மதிப்பைப் பற்றிய பத்தியும் நீங்கியது.

விண்ணப்பத்தின் ஆவணங்களை வாங்கிப் படித்ததில் மூன்று செய்திகள் கிடைத்தன. அந்த இடத்துக்கு விதிகள் அனுமதிக்கும் உயரம் 12 தளங்கள்தாம். மேலுள்ள இரண்டு தளங்களுக்குத் தளர்வு கேட்டிருக்கிறார்கள். மழைநீர் அறிக்கையில், இப்போதைய நிலத்தின் வழிந்தோடும் விகிதம் 0.6 என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது; அங்கே புல்லும் மரமும் தவிர வேறு எதுவுமில்லை. போக்குவரத்துக் கணக்கெடுப்பு ஒரே ஒரு நாளில், பள்ளி விடுமுறைக் காலத்தில் நடந்திருக்கிறது. சாலையில் வாகனங்கள் சிறிதளவே கூடும் என்பது அதன் முடிவு. இவற்றை எப்படி எழுதுவது? கட்டுமானக் காலத்தின் அதிர்வைப் பற்றியும் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும்.


பதில்: மழைநீர் வடிகால் பொறியாளர்

0.6 என்ற அந்த ஒற்றை எண்ணை விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே பாதிக்கு மேல் தளமிட்ட நிலத்துக்கு உரிய மதிப்பு அது. இதை ஏற்றுக்கொண்டால் இப்போதைய ஓட்டமே நொடிக்கு 83 லிட்டர் என்றாகிவிடும்; அவ்வளவு நீரைக் கட்டியபின்னும் வெளியே விட அவர்களுக்கு உரிமை கிடைத்துவிடும். உண்மையான 28 லிட்டரோடு ஒப்பிட்டால் இது மூன்று மடங்கு. தொட்டியின் கொள்ளளவும் 3.5 லட்சம் லிட்டரிலிருந்து ஏறத்தாழ 1.5 லட்சமாகச் சுருங்கிவிடும். நிலத்தின் இன்றைய நிலையைத் தேதியுடன் கூடிய ஒளிப்படங்களாக இணைத்து, மண் ஊடுருவுதிறன் சோதனை செய்து கணக்கைத் திருத்தித் தரும்படி எழுதுங்கள். இந்த ஓர் ஆட்சேபம் ஏற்கப்பட்டாலே கிழக்குத் தெருக்களுக்குப் பெரும் பாதுகாப்பு.


பதில்: போக்குவரத்து மற்றும் கட்டுமானத் துறையில் பணிபுரிபவர்

போக்குவரத்துக் கணக்கெடுப்பை மீண்டும் நடத்தக் கோருங்கள். பள்ளியும் அலுவலகமும் இயங்கும் வார நாட்களில், காலை, மாலை உச்ச நேரங்களில், சாலையின் நடுவில் மட்டுமின்றிச் சந்திப்புகளிலும் எண்ண வேண்டும். சாலை தாங்கும் வாகனங்களைச் சந்திப்பு தாங்காது. நெரிசல் பிறக்கும் இடம் அதுதான்.

சிறிதளவே கூடும் என்ற முடிவுக்கும் விடை உண்டு. பயண நேரம் வாகன எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. 1964இல் அமெரிக்கப் பொதுச்சாலைத் துறை வகுத்து இன்றும் திட்டமிடலில் பயன்படும் சூத்திரத்தின்படி, தாமதம் சாலையின் நிரம்பல் விகிதத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. கொள்ளளவில் 80 விழுக்காடு நிரம்பிய சாலையில் பயண நேரம் வெற்றுச் சாலையைவிட ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுதல்; முழுவதும் நிரம்பினால் 15 விழுக்காடு; 120 விழுக்காட்டுக்குப் போனால் 31 விழுக்காடு. ஆகவே எத்தனை வாகனங்கள் கூடும் என்பதோடு, எவ்வளவு நிரம்பிய சாலையில் கூடும் என்பதையும் அறிக்கை சொல்ல வேண்டும். விடுமுறை நாளில் எண்ணினால் சாலை காலியாகத் தெரிவது இயல்பே.

இங்கே ஓர் எச்சரிக்கை. வளாகத்துக்குள் வாகன நிறுத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று சங்கங்கள் கேட்பது வழக்கம். நிறுத்த இடம் கூடக்கூட வாகனம் வைத்திருப்போரும் கூடுவர். அவை அனைத்தும் உங்கள் ஒரே சாலையில்தான் இறங்கும். அதைவிட, பேருந்து நிறுத்தத்துக்குப் பாதுகாப்பான நடைபாதையும் மிதிவண்டிக்கு இடமும் கேட்பது உங்கள் நோக்கத்துக்கு இசைவானது. இரைச்சல் பற்றியும் கேட்டிருந்தால் சொல்வேன்: போக்குவரத்து இரட்டிப்பானால் கூடுவது ஏறத்தாழ 3 டெசிபல்தான், அதை முதன்மை ஆட்சேபமாக்க வேண்டாம்.

அதிர்வு விஷயத்தில், அடித்தூண்களைச் சம்மட்டியால் அடித்து இறக்காமல் துளையிட்டு வார்க்கும் முறையையே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையைக் கேளுங்கள். கட்டட அதிர்வுக்கான ஜெர்மானியத் தரமான DIN 4150, குறைந்த அதிர்வெண்களில் குடியிருப்புக் கட்டடங்களின் அடித்தளத்தில் நொடிக்கு 5 மி.மீ. அதிர்வு வேகத்தையும், எளிதில் பாதிக்கப்படும் பழைமையான கட்டடங்களுக்கு 3 மி.மீ. வேகத்தையும் வழிகாட்டு அளவாகக் கொள்கிறது. எல்லையை ஒட்டிய வீடுகளில் அதிர்வுமானி பொருத்தி, பதிவுகளை வாரந்தோறும் சங்கத்துக்குத் தர வேண்டும் என்று எழுதுங்கள். அதோடு, வேலை தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டையும் இரு தரப்பினரும் சேர்ந்து பார்வையிட்டு, இருக்கும் விரிசல்களைப் படமெடுத்துக் கையொப்பமிட வேண்டும். பின்னர் எழும் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் ஆவணம் இல்லாததால் எழுபவை.


பதில்: ஓய்வுபெற்ற நகரமைப்பு அலுவலர்

உயரத் தளர்வு பற்றிய செய்தி நல்ல செய்தி. அந்த இரண்டு தளங்களால் பொதுமக்களுக்கு என்ன நன்மை என்று கேளுங்கள். 25 பாகைக் கோட்டைத் தாண்டுவதில் அவற்றின் பங்கையும் வரைந்து காட்டுங்கள். இரண்டும் குறைந்தால் உயரம் 36 மீட்டராகும், பாதிக்கப்படும் தொலைவும் 77 மீட்டராகக் குறையும். அந்த நிலத்திலுள்ள மரங்களை ஓர் ஆட்சேபமாக எவரும் எழுப்பவில்லை. அவற்றின் இருப்பிடத்தையும் அடிமரச் சுற்றளவையும் குறித்த பட்டியலை இப்போதே தயாரித்து மனுவோடு இணைத்துவிடுங்கள்.

கோரிக்கைகளை எழுதும்போது ஒவ்வொன்றையும் அனுமதி ஆணையில் அப்படியே சேர்க்கத்தக்க நிபந்தனையாக எழுதுங்கள். மழைநீருக்குத் தக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதினால் அதை எவரும் மீறவே முடியாது, நிறைவேற்றவும் தேவையில்லை. வெளியேறும் நீர் நொடிக்கு 28 லிட்டரைத் தாண்டக் கூடாது, தொட்டி கட்டி முடித்து அளந்து சரிபார்த்த பின்னரே குடியேற்றச் சான்று வழங்கப்பட வேண்டும், அதன்பின் ஆண்டுதோறும் தூர்வாரும் பொறுப்பு இன்னாருடையது என்று எழுதினால் அதை நீதிமன்றத்திலும் சுட்டிக்காட்டலாம். குடியேற்றச் சான்றுக்குப் பிறகு நிறைவேற்றலாம் என்று விடப்பட்ட நிபந்தனைகள் கிடப்பில் போவதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். ஆதலால் எதையும் அந்தக் கட்டத்துக்கு அப்பால் தள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கூட்டத்தில் நீர், போக்குவரத்து, வெளிச்சம், கட்டுமானக் காலம் என ஒவ்வொரு பொருளுக்கும் ஒருவர் மட்டும் பேசட்டும். பேசியதை எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கையோடு வாங்கிவிடுங்கள். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு வந்ததும் உங்கள் ஆட்சேபங்கள் அதில் முழுமையாகப் பதிவாகியுள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்த்து, விடுபட்டிருந்தால் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். மேல்முறையீட்டுக்குப் போக நேர்ந்தால் அங்கே முதலில் கேட்கப்படுவது அந்தக் குறிப்புதான்.